பலகையின் கடைசி வரி

பூட்டுக்கடை,
மார்ச் 4

அன்புள்ள தபாலுக்கு,

இது நான் எழுதும் முதல் கடிதம். எழுபத்தொரு வயதில் முதல் கடிதம். எழுத்து கோணலாகத் தெரிந்தால் காகிதத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொள். இந்த நான்கு வரியை எழுதுவதற்குள் மூன்று பேருக்குச் சாவி வெட்டிக் கொடுத்திருப்பேன். வந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டு எழுதுகிறேன். ஒருவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். போகட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மன்னிப்புக் கேட்க நான் எழுதவில்லை. உன் கார் கடலுக்குள் போனதற்கு நான்தான் காரணம் என்று பஸ் நிலையம் முழுக்கச் சொல்லிவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மகள் வீட்டுக்கு ரயில் ஏறிவிட்டாய். உன் போன் கடலோடு போய்விட்டது. ஆகவே இனி உனக்கும் எனக்கும் தபால்தான். முப்பத்தைந்து வருடம் ஊருக்கெல்லாம் தபால் கொடுத்தவனுக்கு நான் தபால் எழுதுகிறேன் பார்! அந்தச் சந்தோஷத்தில் உன்மேல் இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன்.

அன்று நடந்ததை என் பக்கத்திலிருந்து கேள். நூலகத்து அம்மா நடத்திய எழுதப் படிக்கும் வகுப்பை நான் முடித்ததற்காகத்தான் நாம் மூன்று பேரும் கடலுக்குப் போனோம். நீ, நான், சலூன்காரர். காரில் ஏறும்போதே ஒரு நிபந்தனை போட்டேன். "இன்னைக்கு ஒரு எழுத்துகூட எனக்கு யாரும் படிச்சுச் சொல்லக் கூடாது. சொன்னா நம்ம சிநேகிதம் அத்தோட சரி" என்றேன். நீயும் சிரித்துக்கொண்டே, "சரிடா சாமி, வாயைத் தைச்சுக்கறேன்" என்றாய். சொன்னாயா இல்லையா?

வழியெல்லாம் படித்துக்கொண்டே வந்தேன். 'வேகத்தடை' என்று நான் படித்து முடிக்கும்போது அதன்மேல் ஏறி, தலை கூரையில் இடித்து, இரண்டு தெரு தாண்டியிருந்தோம். அதனால் என்ன? படித்தேன் அல்லவா?

கடற்கரையில் இறுகிய மணலாகப் பார்த்து, அந்தப் பெரிய பலகைக்குப் பக்கத்தில் காரை நிறுத்தினாய். சலூன் பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டு, வழக்கம்போல நாலு கதவையும் பூட்டி, இழுத்து இழுத்துப் பார்த்தாய். உள்ளே ஆள் இருக்கும்போது எதற்குப் பூட்டு என்று கேட்டால், "பழக்கம்" என்றாய்.

நான் பலகைக்கு முன்னால் நின்றேன். எட்டு வரி. அவ்வளவு பெரிய பலகையை அதற்குமுன் நான் படித்ததே இல்லை. மேலே துறையின் பெயர். அதற்கே ஒரு யுகம் ஆனது. அடுத்தது 'பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு'. என்னைத்தான் கனிவாகக் கூப்பிடுகிறார்கள் என்று மனம் குளிர்ந்து போனது. மூன்றாவது வரியில் கால் நனைந்தது. கடல் என்றால் கால் நனையத்தானே செய்யும்? நீ என் பக்கத்தில் கை கட்டி நின்று புருவத்தைக் காரின் பக்கமாக ஆட்டினாய். என்னை அவசரப்படுத்துகிறாய் என்று நினைத்து, "புருவத்த ஆட்டாத, நானே படிப்பேன்" என்றேன். ஆறாவது வரியில் முழங்கால் நனைந்தது. 'வாகனங்களை' என்று ஏழாவது வரியைத் தொட்டேன். அப்போதுதான் உன் வாகனம் என் கண் முன்னால் அசைந்தது.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். நீ ஓடினாய், விழுந்தாய், வேட்டியும் கார் சாவியும் தண்ணீரில் போயின. உள்ளே சலூன் எழுந்து உட்கார்ந்து, "யாருய்யா குழாய மூடாம போனது?" என்று கத்தினார். உன் காரின் பின்கதவுதான் உள்ளிருந்து திறக்காதே. பலகையைக் கட்டியிருந்த கம்பியை உருவி எடுத்து, கதவைத் திறந்து அவரை வெளியே இழுத்தது யார்? நான். அலை அடிக்க அடிக்க, அரை நிமிடத்தில். உன் காரைக் கடல் எடுத்துக்கொண்டது. சலூனை நான் எடுத்துக்கொண்டேன்.

கம்பியை உருவியதால் பலகை குப்புற விழுந்து மிதந்து போய்விட்டது. எட்டாவது வரி என்னவென்று எனக்கு இன்னும் தெரியாது. உனக்குத் தெரியும். சொல்லாதே. நானே படிப்பேன்.

நீ அந்தப் பலகையை வந்தவுடனே ஒரே பார்வையில் படித்திருப்பாய். படித்துவிட்டுக் கை கட்டி நின்றாய். இப்போது சொல், காரை மூழ்கடித்தது யார்?

உன்,
சாவி


மகள் வீடு,
மார்ச் 10

பூட்டுக்கடைக்காரருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஒரு நிமிடத்தில் படித்து முடித்தேன். நீ எழுத எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று நினைத்துச் சிரித்தேன். அதற்குமேல் சிரிக்க அதில் ஒன்றும் இல்லை.

ஆம், பலகையை ஒரே பார்வையில் படித்தேன். வாயைத் திறந்தால் நாற்பது வருட சிநேகிதம் போகும் என்று நீதான் சொன்னாய். புருவத்தால் சொன்னேன், தலையால் சொன்னேன், இருமினேன், ஒருமுறை உன் காலையும் மிதித்தேன். "சும்மா இருடா, 'பிற்பகலில்'னு போட்டிருக்கு, அழகா இருக்கு" என்றாய். ஒரு பக்கம் கார், ஒரு பக்கம் நீ. நான் உன்னைத் தேர்ந்தெடுத்தேன். சலூன் உள்ளே தூங்குவது எனக்கு மறந்தே போனது.  ஆனால் அந்தத் தவறில் பாதி உன்னுடையது.

தினமும் காலையில் துடைத்து, துணி போட்டு மூடி வைத்த கார் அது. மீன்பிடிக்கிறவர்கள் கயிறு கட்டி இழுத்துக் கரையில் போட்டபோது, பாட்டு வந்துகொண்டிருந்த இடத்திலிருந்து நண்டு வந்தது.

கடற்கரையில் இரண்டு பேர் போனில் படம் எடுத்தார்களே, அது என் மகளின் அலுவலகம் வரை வந்துவிட்டது. "அப்பா, எங்க ஆபீஸ்ல எல்லாரும் பாத்துச் சிரிக்கிறாங்க. நடுவுல ஜட்டியோட ஓடுற ஆள் எங்கப்பான்னு நான் சொல்லல" என்றாள். பிறகு அழுதாள்.  அவள் சொன்னபடி இங்கேயே இருந்துவிடுகிறேன். ஏப்ரல் ஐந்தாம் தேதி மருமகன் அங்கே வந்து என் வாடகை அறையைக் காலி செய்வார். கட்டிலை நீ எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே எல்லாம் சௌகரியம். நாலாவது மாடி. நல்ல காற்று. வெளியே போக எனக்கே விருப்பமில்லை.

இன்னொன்று. நாற்பது வருடம் தினமும் உன் கடை முன்னால் நின்றேன். ஒருநாள் கேட்டிருந்தால் நானே சொல்லிக்கொடுத்திருப்பேன். நீ நூலகத்து அம்மாவிடம் போனாய். எனக்குச் சொல்லக்கூட இல்லை. சலூன் சொல்லித்தான் தெரிந்தது. காரைவிட அதுதான் எனக்குப் பெரிது.

இனி எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
தபால்


பூட்டுக்கடை,
மார்ச் 16

தபாலுக்கு,

எழுத வேண்டாம் என்று எழுதினால் நான் எழுதாமல் இருப்பேனா? இவ்வளவு கஷ்டப்பட்டுக் கற்றது எதற்கு?

உன்னிடம் ஏன் கேட்கவில்லை என்று சொல்கிறேன். நீ எனக்குச் சொல்லிக்கொடுக்கமாட்டாய். படித்துவிடுவாய். நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் பலகையைப் படித்துவிடுவாய். மருந்துச் சீட்டைப் படிப்பாய், கடைப் பெயரைப் படிப்பாய், எனக்கு வரும் கல்யாணப் பத்திரிகையை நான் தொடுவதற்கு முன் படிப்பாய். எனக்கு வரும் நல்லது கெட்டது எல்லாமே உனக்கு முதலில் தெரிந்து, பிறகுதான் எனக்குத் தெரியும். நல்ல எண்ணத்தில்தான் செய்தாய். ஆனால் பிறர் வாயால் சாப்பிடுவது போல இருந்தது எனக்கு. சாவியைப் பார்த்ததும் எந்தப் பூட்டு என்று சொல்கிற ஆள் நான். காகிதத்தைக் கண்டால் மட்டும் கையை நீட்டிக்கொண்டு உன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இப்போது எல்லாவற்றையும் படிக்கிறேன். சோப்பு உறை, மாத்திரை அட்டை, சலூனில் தொங்கும் விலைப்பட்டியல். "முகச்சவரம்னு நீங்க படிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்கு மறுபடி தாடி முளைச்சிடும்" என்கிறார் சலூன். அவர் நலம். உன்மேல் கோபம் இல்லையாம். என்மேல்தான் கோபம்: இழுத்தபோது சட்டை கிழிந்துவிட்டதாம்.

இனிமேல்தான் முக்கியமானது. உட்கார்ந்துகொண்டு படி.

என் மனைவி அவளுடைய அக்காவின் பிரசவத்துக்குப் போய் ஐந்து மாதம் இருந்தாளே, நினைவிருக்கிறதா? முப்பத்தாறு வருடம் ஆகிறது. அப்போது அவள் எழுதிய ஒன்பது கடிதங்களை நீதான் கடையில் நின்று எனக்குப் படித்துக் காட்டினாய். அவள் என்னிடம் பேசியதெல்லாம் உன் குரலில்தான் கேட்டேன். அவள் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகியும் அந்தக் கடிதங்களை நினைத்தால் உன் தொண்டை கனைப்புத்தான் காதில் விழுகிறது. நான் வகுப்பில் சேர்ந்ததே அதற்காகத்தான். யாரிடமும் சொல்லவில்லை.

போன வாரம் அவற்றை எடுத்துப் பிரித்தேன். ஒரு கடிதத்துக்கு ஒரு நாள். நாலாவது கடிதத்தில் இப்படி இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்:

"உங்க பழைய சட்டை ஒண்ண பையில போட்டு எடுத்துட்டு வந்துட்டேன். தோய்க்கல. தலைமாட்டுல வச்சிருக்கேன். அது இருந்தாத்தான் தூக்கம் வருது. தபால்கார அண்ணா, இந்த வரியை மட்டும் முழுங்கிடாம சத்தமா படிச்சுச் சொல்லுங்க."

நீ முழுங்கிவிட்டாய்.

"அக்கா நலம், குழந்தை நலம், மழை இல்லை" என்று படித்தாய். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மழை இல்லை என்றதும், அங்கேயும் இல்லையா என்று கேட்டேன். முப்பத்தாறு வருடமாக அந்த மழைதான் எனக்குத் தெரியும். சட்டை தெரியாது.

எனக்கு வந்ததையெல்லாம் எனக்குமுன் படித்தாய். நான் கேட்க வேண்டியதைப் படிக்காமல் விட்டாய். ஏன்? பதில் எழுது. எழுதாவிட்டால் அங்கே வருவேன்.

சாவி


மகள் வீடு,
மார்ச் 22

சாவி,

உன் கடிதத்தை ஒரு நிமிடத்தில் படித்தேன் என்று இந்த முறை சொல்லமுடியாது. காலையிலிருந்து படிக்கிறேன்.

அந்த வரி எனக்கு நினைவிருக்கிறது. அன்று உன் கடையில் ஐந்து பேர் நின்றிருந்தார்கள். ஒரு கண்டக்டர், பள்ளிக்கூடத்து ஆயா, மற்றவர்கள் யாரென்று தெரியவில்லை. நீ ராவிக்கொண்டிருந்த சாவியை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாய். அந்த வரிக்கு வந்தேன். வாய் வரவில்லை. அடுத்தவன் மனைவியின் பேச்சு அது. அதை எந்தக் குரலில் படிப்பது? கடுமையாகப் படித்தால் பாவம். குழைந்து படித்தால் அந்தக் கண்டக்டர் சிரிப்பான். எனக்கு யாரும் அப்படி எழுதியதில்லை. என் மனைவி ஊருக்குப் போனால், "பால்காரனுக்குச் சொல்லிவிடவும்" என்று மட்டும் எழுதுவாள். உனக்குத் தனியாகப் படித்துச் சொல்லலாம் என்று அன்று நினைத்தேன். நாளை, நாளை என்று தள்ளினேன். பிறகு சொன்னால், ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்பாயே என்று பயம். இத்தனை வருடத்தில் நான் பட்டுவாடா செய்யாத ஒரே தபால் அது.

இன்னும் ஒரு தப்பு இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். பதில் கடிதத்தை நீ சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். "வீட்டுக் கூரை ஒழுகவில்லை, பூனை குட்டி போட்டது" என்று சொன்னாய். அவள் அவ்வளவு எழுதியிருக்கிறாள், இவன் பூனையைப் பற்றிச் சொல்கிறானே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. கடைசியில் உன் பெயரில் நானே ஒரு வரி சேர்த்தேன்: "கடையில் எந்தச் சாவியை வெட்டினாலும் நம் வீட்டுச் சாவி போலவே வருகிறது."

உன்னைக் கேட்காமல் எழுதினேன். திட்டுவதென்றால் திட்டு.

இங்கே என் ஜன்னலிலிருந்து ஒரு தபால்பெட்டி தெரிகிறது. தெருவுக்கு அந்தப் பக்கம். பதினோரு மணிக்கு ஒருவர் வந்து திறக்கிறார். மூட்டையை நான் கட்டுவது போல இரண்டு சுற்றுச் சுற்றுவதில்லை, ஒரு சுற்றுத்தான். நாள் முழுவதும் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பொழுது போய்விடுகிறது.

அறை விஷயம் முன்பு எழுதியதுதான். ஏப்ரல் ஐந்து.

தபால்


பூட்டுக்கடை,
மார்ச் 26

தபாலுக்கு,

அந்த வரியை நீயா எழுதினாய்!

அவள் திரும்பி வந்த அன்று பெட்டியைக்கூட இறக்கவில்லை. வாசலிலேயே நின்று என்னை ஏற இறங்கப் பார்த்து, "உங்களுக்கு இப்படியெல்லாம்கூட சொல்ல வருமா?" என்றாள். எதைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. பூனையைச் சொல்கிறாள் என்று நினைத்து, "மூணு குட்டி" என்றேன். அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! கடைசி வரைக்கும் நடுநடுவே "மூணு குட்டி" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது.

உன்னைத் திட்ட உட்கார்ந்தேன். இரண்டு நாள் யோசித்தேன். நீ எழுதிய வரி பொய் இல்லை. என் வாயில் வராமல் கிடந்தது, உன் கையில் வந்துவிட்டது. திட்டு பாக்கி இருக்கட்டும், நேரில் தருகிறேன்.

இப்போது வேறு ஒன்று கேட்கிறேன். நேராகப் பதில் சொல்.

உன் இரண்டு கடிதத்தின் உறையிலும் தபால்தலை கோணலாக ஒட்டியிருக்கிறது. நான் இப்போது உறையைக்கூட விடாமல் பார்க்கிறவன். தபால்தலை ஒரு மயிரிழை சாய்ந்தாலே பல்லைக் கடிக்கிற ஆள் நீ. கொட்டுகிற மழையிலும் உன் கடிதத்தை நீயே கொண்டுபோய்ப் போட்டு, பெட்டியின் வாயில் விரலை விட்டு உள்ளே விழுந்ததா என்று பார்ப்பவன். எதிரிலேயே பெட்டி இருக்கிறது, நாள் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்கிறாய். அப்படியிருக்க உன் கடிதத்தை வேறு யாரோ ஒட்டி, வேறு யாரோ போடுகிறார்கள்.

வெளியே போக விருப்பமில்லை என்று எழுதியிருக்கிறாய். விருப்பம் இல்லையா, வழி இல்லையா?

கதவு எந்தப் பக்கம் பூட்டியிருக்கிறது?

சாவி


மகள் வீடு,
மார்ச் 29

சாவி,

நான் கைதி இல்லை. முதலில் அதைத் தெரிந்துகொள்.

மகள் காலையில் எட்டரைக்கு வேலைக்குப் போகும்போது வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போகிறாள். ஐந்தரைக்கு வருகிறாள். சாப்பாடு மூடி வைத்திருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, டிவி இருக்கிறது. "உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் யார்கிட்டப்பா போய் நிப்பேன்?" என்கிறாள். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. பயம். நான் கடலில் விழுந்து எழுந்ததை அவள் போனில் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். மற்றவர்கள் சிரிக்கிற இடத்தில் அவளுக்கு மூச்சு நின்றுவிடுகிறது. அவளிடம் நான் எப்படிக் கோபப்படுவது? காலையில் வேலை செய்ய வருகிற அம்மாவிடம் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன். அந்த அம்மாவுக்குத் தபால்தலையை நேராக ஒட்ட வராது. சொல்லிப் பார்த்துவிட்டேன்.

நாலு நாளைக்கு முன்னால் ஒரு தபால்காரர் மணி அடித்தார். பதிவுத் தபால். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, "திறக்க முடியாதுங்க, நாளைக்கு வாங்க" என்றேன். அவர் போய்விட்டார். எத்தனை வீட்டில் எனக்கு இப்படிச் சொல்லியிருப்பார்கள்! அன்று சாப்பாடு இறங்கவில்லை.

பழகிவிடும்.

தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் சொல்கிறேன்: பூட்டு கதவிலேயே பதித்தது. சாவி இரண்டு சுற்றுச் சுற்றுகிறது, சத்தத்தை எண்ணியிருக்கிறேன். உள்பக்கம் சாவித் துவாரம் இல்லை. கதவுக்குக் கீழே ஒரு விரல் இடைவெளி உண்டு. நாலாவது மாடி, படியேறி இடது பக்கம், கதவு பச்சை.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

தபால்


ஏப்ரல் 2,
பச்சைக் கதவுக்கு வெளியே

தபாலுக்கு,

சத்தம் போடாதே. கதவுக்குக் கீழே வரும் இந்தக் காகிதத்தை எடுத்துக்கொள். கூப்பிட்டுப் பேசலாம்தான். ஆனால் எதிர்வீட்டில் ஒருவர் கதவைத் திறந்து திறந்து பார்க்கிறார். அதோடு, எனக்கு எழுத வரும்போது நான் எதற்குக் கத்த வேண்டும்?

தனியாக வந்தேன். ரயில், பிறகு இரண்டு பஸ். எல்லாப் பலகையையும் நானே படித்தேன். ஒரு பஸ்ஸைப் படித்து முடிப்பதற்குள் அது போய்விட்டது. அடுத்ததில் ஏறினேன். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கீழே வாசலில் காவல்காரர் மறித்தார். "யார் நீங்க? போர்டப் படிக்கலையா?" என்றார். இந்தக் கேள்வியை என் வாழ்நாளில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! முதல் தடவையாக, "இப்பவே படிக்கறேன்" என்று சொல்லிச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். 'குடியிருப்போர் நலன் கருதி' என்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. 'முன் அனுமதியின்றி' என்று தொடங்கினேன். பின்னால் இரண்டு வண்டி நின்று ஒலி எழுப்பியது. "பெரியவரே, போதும், உள்ள போங்க" என்றார். "இன்னும் அஞ்சு வரி இருக்கு" என்றேன். "ஐயோ, போய்யா!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். போகவில்லை. நின்று கடைசி வரி வரை படித்து முடித்தேன். வெளியார் உள்ளே வரக் கூடாது என்று முடிகிறது. படித்துவிட்டு உள்ளே வந்தேன்.

இப்போது உன் கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். கருவிப் பை மடியில் இருக்கிறது. பூட்டைப் பார்த்துவிட்டேன். பெரிய விஷயம் இல்லை, பத்து நிமிடம். ஆனால் நீ சொல்லாமல் தொடமாட்டேன். உன் மகளின் பூட்டு. அவள் பயத்தில் போட்டது. அதைத் திறக்கலாமா என்று நீதான் சொல்ல வேண்டும்.

அதற்குமுன் ஒன்று. கதவின் இந்தப் பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. நீ பார்த்திருக்க வழியில்லை. நீ உள்ளே இருக்கிறாய், அது வெளியே இருக்கிறது. இவ்வளவு காலமும் எனக்கு நீ படித்தாய். இதை உனக்கு நான் படிக்கிறேன். உன் மகளின் கையெழுத்து, நல்ல உருண்டையாக இருக்கிறது:

"உள்ளே வயதானவர் தனியாக இருக்கிறார். தயவுசெய்து மணி அடித்துத் தொந்தரவு செய்யாதீர்கள். அவரால் கதவைத் திறக்க முடியாது. ஏதாவது சத்தம் கேட்டால் உடனே என்னைக் கூப்பிடுங்கள். எங்கப்பா."

கடைசியில் 'எங்கப்பா' என்று தனியாக எழுதியிருக்கிறாள். அதன்கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறாள்.

ஒரு வரியும் முழுங்கவில்லை. உனக்குக் கஷ்டமான வரியையும் படித்தேன், சந்தோஷமான வரியையும் படித்தேன். இனி நீ சொல்.

சாவி


கதவுக்கு உள்ளே,
அதே நாள்

சாவி,

மூன்று தடவை படித்தேன். நீ எழுதியதை இல்லை, அவள் எழுதியதை.

கொஞ்சம் நேரமாகிவிட்டது. அவளுக்கு ஒரு கடிதம் எழுதிச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அதை உனக்கும் சொல்கிறேன்: "அம்மா, நான் என் அறைக்குப் போகிறேன். அதைக் காலி செய்யவில்லை. கடலில் விழுந்தவன் எழுந்தும்விட்டேன், படத்தில் அந்த இடத்தையும் பார். ஞாயிற்றுக்கிழமை வா. என் அறைச் சாவி ஒன்று உனக்கு வெட்டி வைக்கச் சொல்கிறேன். நீ எப்போது வேண்டுமானாலும் திறந்துகொண்டு வரலாம். நானும் எப்போது வேண்டுமானாலும் திறந்துகொண்டு போவேன். உங்கப்பா." கீழே நானும் இரண்டு கோடு போட்டேன்.

அவள் அலுவலகத்துக்கு நானே போன் செய்து சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறுவேன். உன் போனைக் கொடு. திட்டுவாள், வாங்கிக்கொள்கிறேன்.

கடற்கரைப் பலகையை மறுபடி நட்டுவிட்டார்களா? எட்டாவது வரியைச் சொல்ல மனசு துடிக்கிறது. சொல்லமாட்டேன். புதன்கிழமை பஸ்ஸில் போவோம். நீ படி. நான் பக்கத்தில் நிற்கிறேன். தண்ணீர் முழங்காலுக்கு வந்தால் மட்டும் வாயைத் திறப்பேன், அதற்கு இப்போதே சம்மதம் சொல்லிவிடு. சலூனைத் தூங்க விடாதே.

செருப்பு போட்டுக்கொண்டேன். சட்டைப் பொத்தானும் போட்டாயிற்று. கதவுக்கு நேராக நிற்கிறேன்.

திற.

தபால்